வாளிகளுக்கு நடுவே விற்ற மாப்பிள்ளை வாட்ச்

கையில் வாட்சே கட்டாத என்னிடம், வாட்ச் விற்ற அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். கேட்டது எங்கள் கடையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள்தான். வாட்ச் கவுண்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏர் ஃபிரையர் அடுக்கப் போகிறார்களாம். "நீங்கதான் அங்க முதல்ல நின்னவரு. நாலு வரி எழுதிக் குடுங்க அங்கிள், கடை குரூப்ல போடறோம்" என்றார்கள். நான் பத்தாவது வரை போனவன், பாஸானவன் இல்லை. நாலு வரியில் நிறுத்தத் தெரியாது. ஆண்டவர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன், அவர் நிறுத்தும்போது நிறுத்துகிறேன்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பாண்டி போகும் பக்கம் எங்கள் கடை. மூன்று மாடி. கீழே பிளாஸ்டிக், பாத்திரம். மேலே நைட்டி, லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம். அதற்கும் மேலே மிக்ஸி, ஃபேன். எந்தச் சாமானை எடுத்தாலும் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். அதில் கோடு போட்டு அடித்துவிட்ட விலை ஒன்று, எங்கள் விலை ஒன்று. ஜனங்கள் அடித்த விலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். எவ்வளவு பெரிய விலையை அடித்திருக்கிறோமோ அவ்வளவு சந்தோஷம்.

நான் சுவர்க் கடிகாரப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் முதலாளி யாரோ சென்னைக் கம்பெனிக்காரர்களுடன் வந்தார். அடுத்த வாரம் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே மாதா சிலை நிற்கும் கெபி மாதிரி விளக்கு. விளக்குக்கு நடுவில் ஸ்மார்ட் வாட்சுகள். அவற்றில் ஒன்றின் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றிவிடலாம். பெட்டியை எங்கே வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வாளி அடுக்குக்கும் கால்மிதி அடுக்குக்கும் நடுவில். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது.

என்னைப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஏ.சி. அறை, பிஸ்கட், டீ. அங்கே ஒரு பெண் பிள்ளை பாடம் எடுத்தது. இதை வாட்ச் என்று சொல்லக் கூடாதாம், அனுபவம் என்று சொல்ல வேண்டுமாம். ஊருக்கு வந்து என் வீட்டுக்காரியிடம், "இனிமே நான் அனுபவம் விக்கிறேன்" என்றேன். "அதுதான் உங்ககிட்ட நிறைய கிடக்குதே, சீக்கிரம் வித்துட்டு வாங்க" என்றாள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் ஃப்ளோர் மேனேஜர் பாஸ்கர் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பிளாஸ்டிக், வாட்ச் இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. வாளிப் பக்கம் நிற்கும்போது மைக்கே தேவையில்லை, அப்படி ஒரு தொண்டை. அங்கிருந்து இரண்டு எட்டு வைத்து வாட்ச் கவுண்டருக்கு வந்துவிட்டால் குரல் ஃபாதர் காதில் பாவசங்கீர்த்தனம் சொல்பவர் மாதிரி இறங்கிவிடும். "இன்னாசி, கண்ணாடியில கைரேகை" என்று காதோடு சொல்வார். சொல்லிவிட்டுத் தன் கைக்குட்டையால் தானே துடைப்பார். அதற்குள் அந்தப் பக்கம் யாராவது வாளியைக் கவிழ்த்துவிட்டால், "யோவ், எவன்யா அது!" என்று தலையைத் திருப்பிக் கத்துவார். தலை மறுபடி எங்கள் பக்கம் திரும்பியதும் மீண்டும் ரகசியம். கழுத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆரம்பத்தில் வாட்ச் போகவே இல்லை. விலை காரணம் இல்லை. எங்கள் உப்பளக்காரர்களிடமும் சவுக்குத் தோப்புக்காரர்களிடமும் காசு உண்டு. கம்பெனி தள்ளுபடி தரக் கூடாது என்று சொல்லிவிட்டது, அதுதான் தொல்லை.

"இதுக்கு எத்தனை பர்சென்ட்?"

"இதுக்குத் தள்ளுபடி இல்லைங்கம்மா."

"ஏன், பழைய ஸ்டாக்கா?"

"புத்தம் புதுசும்மா."

"புதுசுன்றீங்க, தள்ளுபடி இல்லைன்றீங்க. அப்ப அதுல என்னமோ இருக்குது."

மஞ்சள் ஸ்டிக்கர் இல்லாத சாமான் எங்கள் ஊர்க் கண்ணுக்குத் திருட்டுச் சாமான். பாஸ்கர் சார் மூன்று நாள் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு ஒரு போர்டு எழுதிக் கவுண்டர்மேல் மாட்டினார்: வாட்ச் வாங்கினால் வாளி இலவசம். கம்பெனியிலிருந்து பார்க்க வந்த தம்பி அதைப் படித்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்த வாரமே வாட்ச் போக ஆரம்பித்தது. வாங்கியவர்கள் வாட்ச் எந்த நிறம் என்று கேட்கவில்லை. பச்சை வாளி இருக்குதா என்றுதான் கேட்டார்கள்.

ஒருமுறை உப்பளத்திலிருந்து நேராக ஒரு பெரியவர் வந்தார். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி, நாடி பார்க்கும் வாட்ச் வாங்கிக் கட்டச் சொல்லியிருக்கிறான். மகன் வாங்கிக் கொடுத்த போனோடு சேர்த்துக் கையில் கட்டிவிட்டேன். இறுக்கக் கூடாது, வளையல் மாதிரி தொளதொள என்று இருக்க வேண்டும் என்றார். மணிக்கட்டில் உப்பு வேறு பூத்துக் கிடந்தது. வாட்ச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு இரண்டு கோடு போட்டது.

"என்னப்பா சொல்லுது?"

"நாடி கிடைக்கலைன்னு சொல்லுதுங்க."

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்பா, நான் இருக்கேனா இல்லையா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஈரத்துணியால் கையைத் துடைத்து, வாரை ஒரு ஓட்டை இறுக்கினேன். நாடி வந்தது. "கர்த்தர் கண்ணைத் தொறந்தாரு" என்றேன். "தொறந்தாரு, தொறந்தாரு. நீ மொதல்லயே இறுக்கியிருக்கலாம் இல்ல" என்றார்.

இனி நான் வேலை செய்த முறையைச் சொல்ல வேண்டும். இந்தக் கம்பெனி வாட்ச் அதே கம்பெனி போனோடு மட்டும்தான் பேசும். வேறு போனை மதிக்காது. போனோடு சேர்க்காவிட்டால் மணிகூடக் காட்டாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, போன் எங்கே என்று கேட்டபடி இருக்கும். அதனால் யார் வந்தாலும் முதலில் போன், அப்புறம்தான் பெட்டி. துணி விரித்த தட்டைக் கவுண்டர்மேல் வைப்பேன். "போனை இதுல வைங்க" என்பேன். இரண்டு கையாலும் எடுப்பேன், ஏனென்றால் நம் கையில் இருக்கும்வரை அது நம் குழந்தை. முதுகில் இருக்கும் முத்திரையைப் பார்த்து நம்ப மாட்டேன். அவர்களையே திறக்கச் சொல்லி, செட்டிங்ஸில் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பெயரைப் படித்த பிறகே சாவியை எடுத்துக் கண்ணாடியைத் திறப்பேன். பாஸ்கர் சாருக்கு இது பிடிக்காது. "நீ வாட்ச் விக்கிறியா, பாஸ்போர்ட் செக் பண்றியா?" என்று ரகசியமாகத் திட்டுவார்.

இந்த முறைக்கு அடங்காத ஒரே ரகம் மாப்பிள்ளை வாட்ச். வாங்குகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர். எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது வழக்கம். மேடையில் மச்சான்காரன் கையால் கட்டிவிட வேண்டும். அப்படி வாங்க வந்தவன்தான் வின்சென்ட்.

வின்சென்ட் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பையன். உப்பு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். அப்பா இல்லை. தங்கை ஸ்டெல்லா பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை ஜெரால்டுக்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை. அங்கே வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் கையில் கட்டியிருக்கும் வாட்ச்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ரெஜினா கேட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை என்ன போன் வெச்சிருக்காருப்பா?" என்றேன்.

"அதை எப்படி மாமா கேக்க முடியும்? நான் கேட்டேன்னு வைங்க, போனும் வாங்கித் தரப் போறேன்னு நெனச்சுக்குவாங்க. இதுக்கே வண்டி டியூவைத் தள்ளி வெச்சிருக்கேன்."

"தெரியாம வாங்காதே. ஸ்டெல்லாவைக் கேளு."

"அய்யோ, வாட்ச் விஷயமே அதுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா, கேட்டு வாங்குற மாப்பிள்ளை எனக்கு எதுக்குன்னு ஆரம்பிச்சுடும்."

பாஸ்கர் சார் கால்மிதி அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்தார். "தம்பி, நிச்சயதார்த்த போட்டோ இருக்குதா?" என்றார். இருந்தது. அதில் மாப்பிள்ளை கையில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். போன் உறையில் வட்டமாக ஒரு ஓட்டை, அதற்குள் அந்தக் கம்பெனி முத்திரை பளபளக்கிறது.

"போட்டோவுல செட்டிங்ஸ் தொறக்க முடியாது சார்" என்றேன்.

"உனக்கு மாப்பிள்ளையோட ரத்த குரூப்பும் வேணுமா?" என்று என் காதில் சொல்லிவிட்டு, சாவியை அவரே எடுத்துக்கொண்டார்.

வின்சென்ட் கேட்டதெல்லாம் கேளுங்கள். எங்கள் விலைச் சீட்டைத் தடம் தெரியாமல் உரிக்க வேண்டும். எங்கள் கடைப் பெயர் இல்லாத பை வேண்டும். வாளி மட்டும் வேண்டும். "இன்னொண்ணு மாமா, பெட்டி சீல் பிரியக் கூடாது. அந்தம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க. அவங்க சொந்தத்துல யாரோ போட்டுப் பாத்த மோதிரத்தை மாப்பிள்ளைக்குப் போட்டுட்டாங்களாம். அதே மாதிரி, கட்டும்போது வாட்ச் ஓடணும். நின்ன கடிகாரம் கட்டுனா ஆகாதாம். சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும், மேடையில எரியும் பாருங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

"சீலும் பிரியக் கூடாது, ஓடவும் ஓடணுமா?"

"மேடையிலயே பிரிப்போம். மாப்பிள்ளை போனைக் குடுப்பாரு. நீங்க வந்து சேத்துவிட்டுடுங்க மாமா."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

கோயிலில் மூன்றாவது கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு அந்த வாரம்தான் பாக்கி. மத்தியான நேரம், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் கவுண்டர் முன்னால் வந்து நின்றான். கண்ணாடி மட்டும் மேலே ஏறியது.

"இன்னாசி சார் நீங்கதானே? நான் ஜெரால்டு."

"எந்த ஜெரால்டு?"

"வின்சென்ட் மச்சான் வாட்ச் வாங்கினாரே, அந்த ஜெரால்டு. மேடையில நீங்கதான் சேத்துவிடுவீங்கன்னு சொன்னாரு."

சுற்றிலும் பார்த்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்து என் தட்டில் வைத்தான். உறையைக் கழற்றினான். உள்ளே வேறு கம்பெனி போன். உறை ஓட்டையில் ஒரு கண்ணாடித்தாள், முத்திரை அதில் ஒட்டியிருந்தது.

"கவர் மட்டும்தான் சார் அந்தக் கம்பெனி" என்றான். "பாண்டி சண்டே மார்க்கெட்ல வாங்கினேன். கெஸ்ட் ஹவுஸ்ல சும்மா ஒரு கெத்துக்கு. எங்க அம்மாவுக்கே தெரியாது. வாட்ச் கேட்டதுகூட நான் இல்ல சார், சத்தியமா. கேட்டுட்டு வந்துதான் எனக்கே சொன்னாங்க."

"உங்க அம்மாகிட்ட சொல்லிடு."

"சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. மேடையில வாட்ச் எரியலைன்னா, பொண்ணு வீட்டுல டூப்ளிகேட் குடுத்துட்டாங்கன்னு அங்கேயே ஆரம்பிச்சுடுவாங்க. வின்சென்ட் மச்சான்கிட்ட சொன்னா, அவரு அந்தக் குட்டியானையை வித்தாவது போனையும் வாங்கி நீட்டிடுவாரு சார். அந்த மனுஷனை எனக்குத் தெரியும். அந்த வண்டிதான் அவங்களுக்குச் சோறு."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் எனக்குப் பையன்மேல் ஒரு மதிப்பு வந்தது. வாட்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கம்பெனியில் வழியில்லை. நான் மனதுக்குள் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டேன்.

"ஸ்டெல்லாவுக்கு போன் போடு."

"அவங்க என்ன நெனப்பாங்க சார்?"

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா என்ன நெனக்குமோ அதைத்தான். இப்ப சொன்னா கொஞ்சம் கம்மியா நெனக்கும்."

போட்டான். ஹெல்மெட்டுக்குள் போன் நுழையவில்லை, ஸ்பீக்கரில் போட்டான். வாட்ச் சீர் கதை முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னான், உறையைப் பற்றியும் சொன்னான். பாஸ்கர் சார் கால்மிதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கவர் விஷயம் எனக்கு நிச்சயத்தன்னிக்கே தெரியும்" என்றாள் ஸ்டெல்லா.

"எப்படி?"

"அந்தக் கவர் அந்தக் கம்பெனி போனுக்கு வெட்டுனது, ஓரம் உங்க கேமராவை மறைக்குது. நீங்க அனுப்புற எல்லா போட்டோவுலயும் ஒரு மூலை கறுப்பா இருக்குதே, அதை என்னன்னு நெனச்சீங்க?"

ஜெரால்டு ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"எப்பதான் சொல்றீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "வாட்ச் கேட்டு வாங்குனதுக்கு உங்க அம்மாகிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன். எங்க அண்ணன்கிட்ட போன் பத்தி மூச்சு விடக் கூடாது. இன்னாசி மாமா இருக்காரா பக்கத்துல? மாமா, என் போன் அந்தக் கம்பெனிதான். சம்பளத்துல தவணை கட்டி வாங்கினேன். அந்த வாட்சை என் போனோட சேத்தா எரியுமா?"

எரியும்தான். ஆனால் சேர்ப்பதற்கு முன்கூட்டியே பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் சீல் போய்விடும். ரெஜினா அம்மா சீலைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். பொய் சீல் ஒட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது. அன்று சாயந்திரம் கோயிலில் முழங்காலில் இருந்தேன். யாரோ புது பைக்கைக் கெபி முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஃபாதர் வந்து, சீட்டுமேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை எடுக்கச் சொல்லிவிட்டுத் தீர்த்தம் தெளித்தார். மூடி வைத்த சாமானை ஃபாதர் மந்திரிக்க மாட்டார். எனக்கு அப்படியே எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"மோதிரத்தை மந்திரிக்கிறோம், தாலியை மந்திரிக்கிறோம். வாட்சை மட்டும் ஏன் விடணும்?" என்று வின்சென்ட்டிடம் சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தோணவே இல்ல மாமா" என்றான். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பெட்டியைக் கோயில் ஆபீசுக்குக் கொண்டுவந்தான். ஸ்டெல்லா டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள்.

சீலைப் பிரித்து வாட்சைத் தட்டில் வைத்தேன். ஃபாதர் தீர்த்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். "இது மேல தண்ணி படலாமா இன்னாசி?"

"அம்பது மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும் ஃபாதர்."

"நான் அவ்வளவு ஊத்த மாட்டேன்" என்று சொல்லித் தெளித்தார்.

வின்சென்ட் உண்டியலில் காசு போடப் போன நேரத்தில் ஸ்டெல்லா போனைக் கொடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். வாட்ச் முகத்தில் மணி வந்தது. ஃபாதர் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை வாட்சுக்குப் பொண்ணோட போனா?"

"ரெண்டு பேரையும் சனிக்கிழமை நீங்கதானே ஒண்ணாக்கப் போறீங்க ஃபாதர்."

அவர் சிரித்துக்கொண்டே பூசை உடையை மடிக்கப் போய்விட்டார். வின்சென்ட் திரும்பி வந்ததும், வாட்ச் ஓட ஆரம்பித்துவிட்டது, இனி மேடையில் கட்டினால் போதும் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாண வரவேற்பு பங்கு மண்டபத்தில். சீர்த்தட்டு வந்ததும் ரெஜினா அம்மா நேராகப் பெட்டியைத்தான் எடுத்தார். "சீல் எங்க?"

"ஃபாதர் மந்திரிச்சதும்மா" என்றான் வின்சென்ட்.

அந்த அம்மா சட்டென்று பெட்டியை நெற்றியில் ஒற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வின்சென்ட் மேடையில் ஜெரால்டின் கையைப் பிடித்து வாட்சைக் கட்டினான். வாட்ச் எரிந்தது. சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். வின்சென்ட் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த விளக்கை அவனே கண்டுபிடித்த மாதிரி நின்றான். ஸ்டெல்லா தன் போனைப் பூச்செண்டுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

ஒரு சங்கதியை மட்டும் ஜெரால்டிடம் முன்பே சொல்லியிருந்தேன். போனும் வாட்சும் ஒரு முப்பது அடிக்கு மேல் விலகினால், வாட்சில் சிவப்பாக ஒரு குறி வரும். அப்புறம் ஒரு செய்தியும் வராது. அவன் அதை வாட்சே நின்றுபோகும் என்று எடுத்துக்கொண்டான்போல. நானும் திருத்தவில்லை.

அன்று முழுவதும் அந்தப் பையன் பட்ட பாடு இருக்கிறதே! நண்பர்கள் வெளியே வண்டிப் பக்கம் கூப்பிடுகிறார்கள். வாசல் வரை போகிறான், கையைப் பார்க்கிறான், ஓடி வந்து ஸ்டெல்லா பக்கத்தில் நிற்கிறான். ஸ்டெல்லா புடவை மாற்றப் போனால் அறை வாசலில் காவல் நிற்கிறான். நடுவில் அவன் மணிக்கட்டு அதிர்கிறது. எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லாவின் தோழி அனுப்பியது: மாப்பிள்ளை இன்னிக்காவது கவர் இல்லாம வந்தாரா?

"யாருப்பா?" என்றார் ரெஜினா அம்மா.

"வாழ்த்தும்மா" என்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

பந்தியில் ரெஜினா அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தார். மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பிரியாணித் தட்டோடு ஸ்டெல்லா நாற்காலியை ஒட்டி நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பத்து நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டான் சார் இவன்" என்றார். "இன்னிக்கு பாருங்க, அந்தப் பொண்ணை விட்டு நகர மாட்டேன்றான். எல்லாம் அந்த வாட்சைக் கட்டுனதுல இருந்துதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க ஃபாதர் அதுல என்னதான் மந்திரிச்சாரு? இவங்க அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கணும். வீடு தங்குறதே இல்ல."

எனக்கு வாய் நிறைய பிரியாணி இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.